நடுப்பக்கத்து முகம்

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் நான் ஒரு நடிகரின் முகத்தைப் பென்சிலால் பதினொரு தரம் கீறியிருக்கிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கமும் மீதிப் பேர் எதிர்ப்பக்கமும் நின்று சண்டை பிடிப்பீர்கள், நான் சொல்ல வந்தது நடுவில் அநாதையாகக் கிடக்கும். பதினொன்றில் ஒன்றே ஒன்றுதான் அந்த நடிகரைப் போல வந்தது. இரண்டு இன்னொருவரைப் போல வந்தன. அந்த இன்னொருவர் யார் என்பதில் அன்று தொடங்கிய குழப்பம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

படம் கீற நான் எங்கும் படிக்கவில்லை. படித்தது தையல். தையல் வகுப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட தாளில் ஒரு சட்டைக் கையையோ கழுத்தையோ கீறித் தருவார்கள். அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, பிறவுண் பேப்பரில் பெரிய கட்டங்கள் போட்டுப் பெரிதாக்க வேண்டும். சட்டைக் கையைப் பெரிதாக்கலாம் என்றால் ஒரு மனிதரின் முகத்தை ஏன் பெரிதாக்க முடியாது என்று எனக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. அடிமட்டமும் பென்சிலும் அழிறப்பரும் வீட்டில் இருந்தன. பிறவுண் பேப்பர் சுருள் சுருளாக இருந்தது. வேறு என்ன வேண்டும்?

ஒரேயொரு சிக்கல். முகம் முழுதாகக் கண்ணில் பட்டால் எனக்குக் கை நடுங்கும். அந்த நடிகர் மேல் அவ்வளவு பைத்தியம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதனால் கீறும் கட்டத்தைத் தவிர மற்றவற்றை வேறு தாள்களால் மூடிக்கொள்வேன். இன்றைக்கு ஒரு புருவத்தின் நுனி, நாளைக்கு அரைக் காது. கடைசிக் கட்டம் முடிந்து தாள்களை எடுக்கும்போதுதான் யார் வந்திருக்கிறார் என்று எனக்கே தெரியும். "கண்ணைக் கட்டிப்போட்டுக் கோலம் போடுறாள்" என்று அம்மா குசினியில் சமைத்தபடி சொல்லுவா.

நடிகரின் படங்கள் வந்தது சென்னையிலிருந்து வரும் ஒரு சினிமாப் பத்திரிகையில். கப்பலேறி ரயிலேறி அது திருகோணமலைக்கு வந்து சேரும்போது அதிலிருக்கிற புதிய படம் பழைய படமாகிவிடும். எங்கள் தெருவில் அதை வாங்குகிறவள் என்னோடு தையல் படித்த ஒருத்தி. அவளுடைய தகப்பன் சுங்கத்தில் கிளாக்கர். அவள் வாசித்து முடித்ததும் பத்திரிகை இன்னும் எட்டு வீடுகளுக்குச் சுற்றும், வீட்டுக்கு மூன்று நாள். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று நான் கவனித்ததில்லை, ஏனென்றால் அவளே போய் வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பரிசோதித்துவிட்டு, அவளே அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பக்கம் மடிக்கக் கூடாது. எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் குத்தியிருக்கும் இரண்டு கம்பிகளைக் கழற்றவே கூடாது. கம்பியைக் கழற்றி நடுப்பக்கப் படத்தைச் சுவரில் ஒட்டிய ஒரு வீட்டுக்கு அன்றோடு பத்திரிகை நின்றுபோனது.

அந்த முறை நடுப்பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, நடிகரின் முகம் மட்டும் வந்திருந்தது. நீல மை அச்சு. இடப்பக்க ஓரத்தில் ஒரு கறுப்புப் பெருவிரல் அடையாளம், வலப்பக்க ஓரத்தில் இன்னொன்று. அவள் அதை எனக்குக் காட்டி, "இதைப் பாரும், ஊத்தைக் கை பட்டிருக்கு. இதையும் நீர் செய்ததெண்டு நாளைக்கு ஆரும் சொல்லுவினம், அதுதான் முதலே காட்டுறன்" என்றாள். எனக்கும் எரிச்சலாக வந்தது. இப்படி ஒரு முகத்தைக் கை கழுவாமல் தொட எப்படி மனம் வந்தது என்று நினைத்தேன்.

பத்திரிகையில் பென்சில் படக் கூடாது என்பதால் ஒரு மெழுகுத்தாளில் கட்டம் போட்டு அதைப் படத்தின் மேல் விரித்தேன். பத்திரிகை மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கம் கத்தரிக்கோலையும் மறுபக்கம் இஸ்திரிப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, மூன்று நாளில் முகத்தை மெழுகுத்தாளில் எடுத்துவிட்டேன். பிறகு ஆறுதலாக, ஒரு மாதமாக, பிறவுண் பேப்பரில் பெரிதாக்கினேன். இது ஐந்தாவது படம். முந்திய நாலும் அடுப்புக்குப் போய்விட்டன. இது சரியாக வந்தால் சென்னைக்கு, அவருக்கே அனுப்புவது என்று மனதுக்குள் தீர்மானம்.

மூடியிருந்த தாள்களை எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இல்லை. நெற்றி ஒடுங்கி, கண்கள் ஒன்றுக்கொன்று கிட்டவாக வந்து, மூக்கு நீண்டு மெலிந்து, நல்ல நித்திரை கொண்டு மாதக்கணக்கான ஒருவர் என்னைப் பார்த்தார்.

அண்ணா மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். திங்கட்கிழமை குடாவைக் கடக்கிற லோஞ்சில் போய் வெள்ளிக்கிழமை திரும்புவார். அந்த வெள்ளிக்கிழமை வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆரடி, கச்சேரிப் பியூனோ? பாவம், மூண்டு நாளாச் சாப்பிடேல்லைப் போல" என்று தெருவுக்குக் கேட்கக் கூடியதாகச் சிரித்தார். அவர் சிரித்ததற்காகவே நான் படத்தைக் கிழிக்காமல் தையல் மெசினுக்கு மேலே சுவரில் குத்தி வைத்தேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் மூதூர் லோஞ்சில் வேலை செய்தவர். கயிறு எறிந்து கட்டுவதும் ஆட்களைக் கைகொடுத்து ஏற்றுவதும் எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதும் அவர்தான். மாசி மாதத்தில் நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்து அவர் செத்துப்போனார். மனைவிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், மகளுக்கு மூன்று. நான் அந்த அக்காவோடு அதுவரை நின்று கதைத்ததில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் வழக்கப்படி அவருக்கும் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவரின் வரலாறும் அழுது பாடும் வெண்பாக்களும் உள்ள சின்னப் புத்தகம், முதல் பக்கத்தில் ஆளின் படம் இருக்கும். இவருடைய கல்வெட்டில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கை அச்சடித்திருந்தார்கள். அவருக்கு ஒரு படமும் இல்லை. தம்பலகாமத்தில், பெண் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், படம் பிடிக்கிறவரை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு முன்பு அவர் வெள்ளைக்காரரின் கடற்படை டொக்கியாட்டில் வேலை செய்தபோது, உள்ளே போகும் பாசுக்காக ஒரு படம் எடுத்தார்களாம். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது வாசலில் பாசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், படமும் அதோடு போய்விட்டது.

அது முடிந்து ஒரு கிழமையில் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை. கையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலையை மடித்து வைத்திருந்தார். தான் இனி உடுக்கப் போவதில்லை, வெட்டி மகளுக்கு இரண்டு சட்டை தைத்துத் தர வேண்டும் என்றார். அந்தச் சேலையில் கத்தரிக்கோலை வைக்க எனக்கு மனம் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அளவை எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் அவர் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்.

"இதை எனக்குத் தருவீங்களோ தங்கச்சி?"

"எதுக்கு அக்கா?"

"பிள்ளைக்குக் காட்ட. அவளின்ர அப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் தேத்தண்ணியோடு வந்த அம்மா படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓமோம்! நானும் ஆரெண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். அப்பிடியே அவர்தான்!" என்றா. இதே அம்மா இரண்டு நாளைக்கு முன்புதான், "உன்ர நடிகருக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டவ.

அது நடிகர் என்று நான் சொல்லவில்லை. அக்கா மேல் இரக்கம் என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, என் படத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. கேட்ட மாத்திரத்தில் எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். தெருச் சனம் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம், "என்னெண்டு பிள்ளை நீ கீறினனி, ஆள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். ஒருவர் சொன்னால் மரியாதைக்குச் சொன்னார் என்று விடலாம். ஒரு தெருவே சொன்னால்? நடிகரைக் கீற நினைத்து, தினமும் வாசலால் போய் வந்த ஒரு மனிதரைக் கீறிவிட்டேனோ என்று நான் நம்பத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். காக்கிக் களிசான் வந்தது. சைக்கிள் கைபிடியில் சோற்றுக் கரியர் ஆடும் சத்தம் வந்தது. டீசல் மணம் வந்தது. முகம் மட்டும் வரவேயில்லை.

பிள்ளை காலையில் எங்கே போனாலும் படத்துக்கு முன்னால் நின்று, "அப்பா, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகும் என்று அம்மா வந்து சொன்னா.

அந்த வருசம் மார்கழியில் புயல் அடித்தது. எங்கள் வீட்டில் ஓடுகள் பறந்தன, தையல் மெசினுக்குள் மணல் போனது, பிறவுண் பேப்பரும் மெழுகுத்தாளும் கூழாகிவிட்டன. அக்கா வீட்டில் கூரையே போய்விட்டது. சட்டம் விழுந்து கண்ணாடி நொறுங்கி, படம் ஊறிப்போய்க் கையில் எடுக்க எடுக்கப் பிய்ந்துகொண்டு வந்ததாம். மூன்றாம் நாள், தெருவில் விழுந்த மரங்களை இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, திவசத்துக்கு முதல் இன்னொண்டு கீறித் தர ஏலுமோ?"

"அதுக்கென்ன அக்கா, கீறித் தாறன்."

"பிள்ளை இப்ப ஆணிக்குச் சொல்லிப்போட்டு வாறாள்" என்றார். "படம் இருந்த ஆணி. அதைப் பார்த்து, போட்டு வாறன் எண்டுறாள். எனக்குப் பார்க்க ஏலாமக் கிடக்கு."

மாசியில் ஆண்டுத் திவசம். இரண்டு மாதம் இருந்தது. மெழுகுத்தாள் இல்லாவிட்டாலும் பத்திரிகை என்னிடம் இருந்தது. தகப்பனுக்கு வேறு துறைமுகத்துக்கு மாற்றம் வந்தபோது என் சிநேகிதி பழைய பத்திரிகைகள் எல்லாவற்றையும் கட்டி என் தலையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். தகரப் பெட்டிக்குள் இருந்ததால் நனையவில்லை. ஆனால் கடல்காற்றுக்கு நடுக்கம்பிகள் கறள் பிடித்து உதிர்ந்திருந்தன, நடுப்பக்கத் தாள் தனியாகக் கையோடு வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று மேசையில் தட்டையாக விரித்து, கத்தரிக்கோலும் இஸ்திரிப்பெட்டியும் இல்லாமல் சுகமாகக் கட்டம் போட்டேன்.

ஒரு மாதத்தில் முடிந்தது. தாள்களை எடுத்தேன். நடிகர்! அச்சு அசலாக, அகன்ற நெற்றியும் அந்தப் பாதிச் சிரிப்புமாக, அவரேதான். அண்ணா பார்த்துவிட்டு ஒரு விசில் அடித்து, "இப்பத்தானடி உனக்குக் கை வந்திருக்கு" என்றார். ஆறு படம் கீறி, இதற்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தேன்? என்னால் சந்தோசப்பட முடியவில்லை. அதே பத்திரிகை, அதே முகம், அதே கை. போன தரம் வந்த மனிதர் இந்தத் தரம் எங்கே போனார்?

என்றாலும் கொண்டுபோனேன். தெருவே ஒருமுறை தலையாட்டியது, இன்னொருமுறை ஆட்டாதா என்று ஒரு நப்பாசை. பிள்ளை ஓடிவந்து பார்த்தது. "ஆரம்மா இந்த மாமா?" என்று கேட்டது.

அக்கா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்ல வடிவா இருக்குத் தங்கச்சி" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இது மற்றது இல்லைத்தானே" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று கேளுங்கள்: அந்தப் பிள்ளை மேல். நாலு வயதுச் சுண்டைக்காய்க்கு நடிகரைத் தெரியவில்லையாம்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு அவசர அவசரமாக நாலு படம் கீறினேன். நெற்றியைக் குறைத்தால் வேறு யாரோ வந்தார்கள். மூக்கை நீட்டினால் கழுகு வந்தது. கீறிய கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. பத்திரிகையை விட்டுவிட்டு உண்மையான ஆளையே பிடிப்போம் என்று, தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். எதிர்வீட்டு மாமி அவருக்குத் தாடி என்றா. அவவின் மகன் மழித்த முகம் என்றான். கிழமைக்கு இரண்டு தரம் அதே லோஞ்சில் போய் வந்த அண்ணாவிடம், "மீசை இருந்ததோ?" என்று கேட்டேன். "இருந்தது" என்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இல்லை, மீசைக்காரர் மற்றவர்" என்றார். சந்தைக்குச் சாமான் எடுக்க மூதூரிலிருந்து நாள் தவறாமல் வரும் ஒரு முஸ்லிம் நானா எங்களிடம் சாரத்துக்கு மூட்டுப் போடத் தருவார். அவரிடமும் கேட்டேன். அவர் நன்றாக யோசித்தார்.

"தங்கமான மனிசன் மகள். மழைக்கும் காத்துக்கும் அவர்ர கையப் புடிச்சித்தான் ஏறுற, இறங்குற. ஆனா முகத்த எங்க பார்த்தம்? ஏறக்குள்ள காலடியத்தானே பாக்குற" என்றார். போகும்போது வாசலில் நின்று, "கை நல்லா நினைவிருக்கு, கீறுவீங்களெண்டாச் சொல்லித் தாறன்" என்றும் சொன்னார்.

திவசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. இனி முடியாது என்று பத்திரிகையைத் தூக்கி வைக்கப் போனேன். நடுத்தாள் கழன்று கிடந்தது என் கண்ணை உறுத்தியது. கழன்ற எதையும் அப்படியே விட என் தொழில் விடாது. பழைய கம்பித் துளைகளுக்குள்ளாலேயே ஊசியை விட்டு, இரட்டை நூலால் இறுக்கித் தைத்து முடிச்சுப் போட்டேன். தைத்தது நேராக இருக்கிறதா என்று நடுப்பக்கத்தை விரித்தேன்.

அவர் இருந்தார். ஒடுங்கிய நெற்றியும் கிட்டக் கிட்டக் கண்களுமாக, அந்த நித்திரையில்லாத மனிதர்.

இப்போது சொன்னால் ஒரு நிமிசக் கதை. நூல் இறுகியதும் நடுமடிப்பு முகத்தின் நடுவிலிருந்து ஒரு விரல் அகலத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. நெற்றியில் ஒரு விரல், மூக்கில் ஒரு விரல், சிரிப்பில் ஒரு விரல். முதல் தரம் கம்பியைக் கழற்றக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து, மடிப்பு விழுங்கியது போக மிச்சத்தைத்தான் நான் கட்டம் கட்டமாக எடுத்திருக்கிறேன். கட்டத்தை மட்டும் பார்த்து முகத்தைப் பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் லோஞ்சுக்காரரைக் கீறவே இல்லை. ஒரு விரல் குறைந்த நடிகரை அந்தப் பிள்ளை ஒன்பது மாதமாக அப்பா என்று கும்பிட்டிருக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வெறுங்கையோடு போய்ச் சொல்லவும் மனம் வரவில்லை. கத்தரிக்கோலையும் இஸ்திரிப்பெட்டியையும் பழையபடி வைத்துக்கொண்டு, மடிப்போடு சேர்த்தே நாலு நாளில் இன்னொரு படத்தைக் கீறி முடித்தேன். பதினோராவது. திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் படத்தை ஒரு கையிலும் பத்திரிகையை மறுகையிலும் எடுத்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பிப் போக நினைத்தேன்.

அக்கா அடுத்த நாள் சமையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைதான் முதலில் படத்தைக் கண்டது. "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தது. நான் படத்தை அதன் கையிலேயே விட்டேன். அது படத்தைக் கதிரையில் சாத்திவிட்டு முன்னால் குந்தியிருந்துகொண்டது.

"அக்கா, ஒண்டு சொல்ல வேணும். இது…" என்று பத்திரிகையை நீட்டினேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். பக்கம் தேடவில்லை, பத்திரிகை தானாகவே நடுவில் விரிந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். அவருடைய பெருவிரல்கள் அந்த இரண்டு கறுப்பு அடையாளங்களின் மேலும் போய் இருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு முன்பு பத்திரிகை போன வீடுகளில் அதுவும் ஒன்று. அந்தக் கறுப்பு, லோஞ்சு எஞ்சின் எண்ணெய்.

"அவருக்கு இந்த ஆளில சரியான விசர்" என்றார் அக்கா. "வேலையால வந்து கையும் கழுவ மாட்டார். இதைப் பிடிச்சுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு, இஞ்சாருமப்பா, மூக்கைப் பாரும், நான்தானே எண்டுவார். அந்த மூண்டு நாளும் இதே கூத்து."

"அப்ப நான் கீறினது இந்த நடிகரை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"முதல் நாளே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"உங்கட படம் சரிவரேல்லையெண்டு உங்கட அண்ணா சிரிச்சது எங்கட வீடு வரைக்கும் கேட்டது. மறுகா நானும் வந்து அதைச் சொல்ல வேணுமோ?"

ஒரு வருசமாக நான் அவருக்காகப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவர் எனக்காக அதே பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். யார் யாருக்கு இரங்கியது என்று எனக்குத் தலை சுற்றியது. அவமானமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மனதுக்குள் மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"அவர் இப்பிடித்தானோ இருந்தவர்?"

"கொஞ்சமும் இல்லை" என்று அக்கா சிரித்தார். அந்த வெள்ளைச் சேலையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு முடியும்போது கண் நிறைந்துவிட்டது. "அவர் மட்டும்தான் அப்பிடி நினைச்சுக்கொண்டிருந்தவர். இப்பிடி இருக்க வேணுமெண்டு அவருக்குச் சரியான ஆசை. பிள்ளை அந்த முகத்தையே பார்த்து வளரட்டும் எண்டுதான் கேட்டு வாங்கினனான்."

பிள்ளை படத்துக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் என் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன். அதை எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுக்கவில்லை.

"அப்ப எப்பிடி இருந்தவர்? சொல்லுங்கோ."

அக்கா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து கல்வெட்டைக் கொண்டுவந்தார். பின்னட்டையின் உட்புறம் வெறுமையாக இருந்தது. கட்டம் இல்லை, அடிமட்டம் இல்லை, மூடிக்கொள்ளத் தாளும் இல்லை. அவர் சொன்னார், நான் கீறினேன். இடது காது கொஞ்சம் மடிந்திருக்கும். கயிறு அறுந்து அடித்த தழும்பு ஒன்று தாடையில். பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். "இல்லை, இவ்வளவு பெரிசில்லை", "கொஞ்சம் கீழ", "ஓம், அப்பிடி". ஒரு முகம் மெல்ல மெல்ல வருவதை நான் முதல்தரம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் கோணலாகப் போயின.

முடிந்தபோது அது வடிவான முகம் இல்லை. அவரைப் போல வந்ததா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அக்கா என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, இடது புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டைத் தானே போட்டார்.

கல்வெட்டை மூடி, அலுமாரிக்குள், இனி உடுக்காத நிறச் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

"பிள்ளைக்குச் சொல்லாதீங்கோ தங்கச்சி" என்றார், அலுமாரியைப் பூட்டிக்கொண்டே.